தலைவரை நிறுக்கும் தராசு

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

நூலை நிறுக்காமல் வாங்கும் நெசவாளர் எவரேனும் உண்டோ? சங்கத்தில் நூல் வழங்கும் நாளன்று தராசின் முள் நிலைத்து நிற்கும் வரையில் அவர் கண் அதைவிட்டு அகலாது. நெய்த துணியை ஒப்படைக்கும்போதும் அப்படியே. கழிவு போக எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கூலி பதிவாகும். நெல் விளைவிப்பவரும் அங்ஙனமே. விதைநெல்லைக் கையில் அள்ளி, ஊதிப் பார்த்து, பதர் எவ்வளவு, மணி எவ்வளவு என்று கண்ட பிறகே விலை பேசுவார். இத்துணைக் கருத்தோடு பொருளை நிறுத்து வாங்கும் நாம், அப்பொருள் யாவற்றையும் நம்பி ஒப்படைக்கும் தலைவரை மட்டும் நிறுக்காமலே தேர்ந்தெடுத்து விடுகிறோம். “நல்ல மனிதர்”, “நம்மவர்”, “முகம் கொடுத்துப் பேசுவார்” என்னும் சொற்களே பல சங்கங்களில் எடைக்கற்களாக இருந்து வருகின்றன.

ஒரு தலைவரின் செயலையும் குணத்தையும் தேர்தலுக்கு முன்னர் எவ்வாறு நிறுப்பது? இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சிறந்த பாடம் ஒன்று உண்டு. அது 1969-ஆம் ஆண்டு நடைபெற்ற ஜனாதிபதி தேர்தல். அதில் வென்ற வி. வி. கிரி, தொழிற்சங்கத் தலைவராக இருந்து நாட்டின் தலைவரானவர். ஆலைச் சங்கும் ரயில் ஊதலும் கேட்டு விழிக்கும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்து மக்கள் அவருடைய வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1969-ஆம் ஆண்டின் போட்டி

1969 மே 3-ஆம் நாள் ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். உப ஜனாதிபதியாக இருந்த கிரி, ஜனாதிபதி பொறுப்பை ஏற்றார். ஆளுங்கட்சியாகிய காங்கிரஸ், பாராளுமன்ற சபாநாயகராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தன் வேட்பாளராக நிறுத்தியது. கிரி ஜூலை 20-ஆம் நாள் பதவியைத் துறந்து சுயேச்சையாகப் போட்டியிட்டார். சி. டி. தேஷ்முக் மற்றொரு முக்கிய வேட்பாளர். பிரதமர் இந்திரா காந்தி, உறுப்பினர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். கட்சிக் கட்டளை தளர்ந்தது. எனவே, வேட்பாளர்களின் செயலையும் குணத்தையும் தாமே நிறுத்துப் பார்க்கவேண்டிய பொறுப்பு ஒவ்வொரு உறுப்பினர் மீதும் வந்து சேர்ந்தது.

நம் சங்கங்களில் அங்கத்தினர் ஒருவருக்கு வாக்கு ஒன்றே. பங்குத் தொகை பத்து ரூபாயாயினும் பதினாயிரமாயினும் அதில் வேற்றுமையில்லை. ஜனாதிபதி தேர்தலில் அவ்வாறன்று. அந்த ஆண்டில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 576. தமிழ்நாட்டுச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 144. ஆகஸ்டு 16-இல் வாக்குப்பதிவு நடந்தது. முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் போதிய பெரும்பான்மை கிட்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் சேர்த்து எண்ணிய பின், கிரிக்கு 4,20,077-உம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427-உம் என்று கணக்கு நின்றது. வேற்றுமை 14,650 மட்டுமே. இறுதிக் கணக்கில் பாராளுமன்ற உறுப்பினர் பதின்மூவர் இப்புறமிருந்து அப்புறம் சென்றிருப்பின் நாட்டின் தலைவர் மாறியிருப்பார். ஐந்தாறு வாக்குகளில் முடிவு தெரியும் நம் சங்கத் தேர்தல்களைப் போன்றே அதுவும் நூலிழையில் நின்ற தேர்தல்.

முதல் எடைக்கல்: எது அவருடைய செயல்?

ஒருவர் பதவியிலிருந்த காலத்தில் நடந்தவை யாவும் அவர் செய்தவை ஆகா. கிரி பதவி துறந்ததற்கு முந்திய நாள், அதாவது ஜூலை 19-இல், 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கையெழுத்து அவருடையதே. ஆயினும் முடிவு மந்திரிசபையினுடையது. அரசியலமைப்பின்படி ஜனாதிபதி மந்திரிசபையின் ஆலோசனையைத் தழுவியே நடப்பவர். அச்செயலுக்காகக் கிரியைப் போற்றியோரும் தூற்றியோரும் இருந்தனர். இரு சாராரும் வேறொருவர் நெய்த துணியை அவர் தறியில் ஏற்றிப் பேசினார்கள் என்றே சொல்லவேண்டும்.

மாறாக, 1928-இல் வங்காள நாகபுரி ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வன்முறைக்கு இடமின்றி நடத்தியது அவருடைய செயல். 1937-இல் இராஜாஜியின் சென்னை மந்திரிசபையிலும், 1952-இல் மத்திய மந்திரிசபையிலும் தொழில் தகராறுகளைத் தொழிலாளரும் முதலாளியும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்வதே மேல் என்று அவர் வற்புறுத்தியது அவருடைய கொள்கை. இவற்றைத்தான் அவர் பெயரில் பற்று எழுதவும் வரவு எழுதவும் நமக்கு உரிமை உண்டு.

நம் சங்கங்களுக்கு இது மிகவும் பொருந்தும். 2006-இலும் 2021-இலும் தமிழ்நாடு அரசாங்கம் கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. அதனைத் தம் சாதனையாகத் துண்டுத்தாளில் அச்சிட்டுக்கொண்ட சங்கத் தலைவர்களை நான் கண்டிருக்கிறேன். கைத்தறித் துணிக்கு அரசாங்கம் அளிக்கும் தள்ளுபடி மானியமும் அத்தகையதே. அது தலைவர் தந்ததன்று. அம்மானியத்தைக் காலத்தில் கேட்டு வாங்கினாரா, வந்த பணத்தைக் கூலிக்கும் நூலுக்கும் முறையாகச் செலவிட்டாரா என்பதே அவர் கணக்கில் சேரும். அதுபோலவே, நூல் விலை ஏறியதற்கு அவரைக் குறை கூறுவதும் நியாயமாகாது. விலை ஏறுமுன் இருப்பு வைத்தாரா, இல்லையா என்று கேட்பதே நியாயம்.

இரண்டாம் எடைக்கல்: பதவியா, கொள்கையா?

குணம் என்பது சுகமான காலத்தில் வெளிப்படுவதில்லை. பதவியும் கொள்கையும் ஒன்றோடொன்று மோதும் நாளில்தான் மனிதர் எத்தகையவர் என்பது தெரியும். 1954-இல் வங்கி ஊழியர் தகராறில் தொழிலாளர் மேல்முறையீட்டு மன்றம் ஒரு தீர்ப்பளித்தது. மத்திய அரசாங்கம் அதனை ஊழியருக்குப் பாதகமாகத் திருத்தியது. தொழில் மந்திரியாக இருந்த கிரி அதற்கு உடன்படாமல் ராஜிநாமா செய்தார். மந்திரிப் பதவியை வைத்துக்கொண்டே வருத்தம் தெரிவித்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கலாம். அவர் நாற்காலியை விட்டார். பின்னர் 1957 பொதுத் தேர்தலில் தோல்வியும் அடைந்தார்.

சஞ்சீவ ரெட்டியையும் இதே கல்லால் நிறுக்கவேண்டும். ஆந்திரப் பிரதேசத்தின் முதல் மந்திரியாக இருந்தபோது, கர்நூல் பஸ் தடங்களை அரசுடைமையாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் அரசாங்கத்துக்குப் பாதகமான கருத்துரைகளை வெளியிட்டது. அவர் 1964-இல் பதவி விலகினார். வழக்குக்கு இடந்தந்த செயல் ஒரு தட்டில். விலகிய செயல் மறு தட்டில். 1967-இல் சபாநாயகரானதும், நடுநிலை காக்கவேண்டித் தம் கட்சி அங்கத்தினர் பதவியையே விட்டார். ஒருவரை விரும்புவதற்காக மற்றவருடைய நற்செயலை மறைப்பது கள்ளத் தராசு பிடிப்பதாகும்.

சங்கத் தலைவருக்கும் இந்தச் சோதனை நாள் வருவதுண்டு. தம் மைத்துனர் தவணை தவறிய பாக்கிதாரராக இருக்கும்போது நோட்டீஸ் அனுப்பினாரா? நிர்வாக சபையில் தவறான கொள்முதல் நடந்தபோது மாறுபட்ட கருத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தாரா? ஒரு தலைவரின் குணம் மேடையில் இருப்பதைவிடத் தீர்மானப் புத்தகத்தில் அதிகம் இருக்கிறது.

மூன்றாம் எடைக்கல்: குற்றச்சாட்டில் கையெழுத்து உண்டா?

அந்த ஜனாதிபதி தேர்தலில் வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. சஞ்சீவ ரெட்டியின் ஒழுக்கத்தை இழிவுபடுத்தி, எழுதியவர் பெயரில்லாத அச்சிட்ட பிரசுரம் ஒன்று வாக்காளர்களாகிய உறுப்பினர்களிடையே வழங்கப்பட்டது. தேர்தல் முடிந்தபின் கிரியின் வெற்றியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பதவியிலிருந்த ஜனாதிபதியே நேரில் வந்து சாட்சியம் அளித்தார். கிரியின் இசைவோடு அப்பிரசுரம் வெளியிடப்பட்டதாக நிறுவப்படவில்லை. 1970-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 1977-இல் அதே சஞ்சீவ ரெட்டி போட்டியின்றி ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயரில்லாத தாளின் ஆயுள் அவ்வளவுதான். ஆயினும் அத்தகைய தாள், தேர்தலுக்கு முந்திய இரண்டு நாட்களில் செய்யவேண்டிய தீங்கைச் செய்துவிடக்கூடியது.

இதனை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. வடசென்னைப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் கண்கூடாகக் கண்டேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதன் தலைவர் கண்டிப்பானவர், சிரிக்கத் தெரியாதவர், உறவினர் கேட்டாலும் முன்பணம் தர மறுப்பவர். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னதாக, அவர் சங்கத்து நூல் கட்டுகளை வெளியில் விற்று வீடு கட்டினார் என்று ஒரு தாள் வீடுதோறும் வீசப்பட்டது. அடியில் “உண்மை நெசவாளர்” என்று மட்டும் இருந்தது. அந்த மாதந்தான் நான் அச்சங்கத்தின் இருப்பைச் சோதித்திருந்தேன். நூல் இருப்பு ஒரு கழியும் குறையாமல் பேரேட்டுடன் ஒத்திருந்தது. என் அறிக்கை சங்க அலுவலக அலமாரியிலேயே இருந்தது. எவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அரசாங்க ஊழியன் தேர்தலில் தலையிடலாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் தோற்றார். வந்தவர் இனிமையானவர், கேட்டவர்க்கெல்லாம் முன்பணம் தந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து இருப்பைச் சோதித்தபோது நூலும் குறைந்தது, துணியும் குறைந்தது. தீபாவளிக்கு முன் ஐந்து வாரங்கள் கூலி கொடுக்கப் பணமில்லை. தறிகள் ஓய்ந்து கிடந்தன. அப்போது வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் என்னிடம் வந்தார்.

“ஐயா, பழைய தலைவர் கணக்கு சரியாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோமே, ஐயா” என்றார்.

என்னிடம் விடையில்லை. இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று நான் சொல்லலாகாது, அது உண்மை. ஆனால், “அலமாரியில் அறிக்கை இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். அது தலையீடு ஆகாது. அது என் கடமை. அந்தக் கடமையில் நான் தவறினேன். அதனால் வாடியவை என் அடுப்பல்ல, அவர்களுடைய அடுப்புகள். அன்றிலிருந்து எந்த மகாசபைக்குச் சென்றாலும், கணக்கு எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டே உட்காருகிறேன்.

நிறுத்த பின்னும் கண்காணிப்பு

எவ்வளவு நன்றாக நிறுத்துத் தேர்ந்தெடுத்தாலும் வருங்காலம் முழுவதையும் தராசு காட்டிவிடாது. 1974 மே மாதத்தில் நாடெங்கும் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் அதனைக் கடுமையாக அடக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். அந்நாளில் ஜனாதிபதி நாற்காலியில் இருந்தவர், ரயில்வே தொழிலாளரைத் திரட்டிப் புகழ்பெற்ற அதே கிரி! அவருடைய அதிகாரத்தின் எல்லை குறுகியது என்பர் சிலர். 1954-இல் நாற்காலியை விட்டவர் 1974-இல் ஏன் விடவில்லை என்று கேட்பர் சிலர். இரண்டும் தராசில் வைக்கத்தக்கவையே. 1975-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1980-இல் சென்னையிலேயே காலமானார். பெரியவர் என்பதற்காகக் குறையை மறைக்கவும் வேண்டாம். குறை கண்டதற்காகப் பெருமையை அழிக்கவும் வேண்டாம்.

ஆகவே அங்கத்தினர்களே, தேர்தல் நாள் குறிக்கப்பட்டதும் சங்க அலுவலகத்துக்குச் செல்லுங்கள். துணைவிதிகளும் கடைசித் தணிக்கையின் ஐந்தொகையும் அங்கத்தினர் பார்வைக்கு உரியவை. தவணை தவறிய பாக்கி சென்ற ஆண்டைவிடக் கூடியதா, குறைந்ததா என்று பாருங்கள். தணிக்கையாளர் சுட்டிய குறைகளுக்குப் பதில் எழுதப்பட்டதா என்று கேளுங்கள். கூலி எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்பதை உங்கள் கூலிப் புத்தகமே சொல்லும். படிக்க வராதவர் படித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம், அதில் வெட்கமில்லை. பெயரில்லாத தாள் வந்தால், “எழுதியவர் மகாசபையில் எழுந்து சொல்லட்டும், கணக்கைக் கொண்டுவந்து வையுங்கள்” என்று கேளுங்கள்.

திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேய கவர்னர் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றியதால் உண்டான ஊர். அந்நாளைய நெசவாளர்க்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. கவர்னரே தலைவர், கும்பெனி வைத்ததே விலை. நமக்கோ ஆளுக்கொரு வாக்கு இருக்கிறது. நூலை நிறுக்கும் அதே கண்ணோடு தலைவரையும் நிறுத்து, அந்த வாக்கை அளிப்போமாக.