ஃபோர் வீல் பெட்டிக்குள்ளே!

ராஜபாளையத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் மாம்பழம், வெள்ளை நாய், அய்யனார் கோவில் அருவி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் சிபாரிசு வேறு. நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு எஸ்.யு.வி.க்கு டிரான்ஸ்பர் கேஸ் மாற்றும் நாளில் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். டிக்கெட் போட்டே காட்டலாம், அவ்வளவு ஜோர்!

ஊரிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம் போனால் மலையடிவாரம். அங்கேதான் நீர்காத்த அய்யனார் இருக்கிறார். ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறும் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. சாலையின் இருபுறமும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. தார் ரோட்டை விட்டுத் தோப்புக்குள் திரும்பினால் மழைக்குச் சேறு, வெயிலுக்கு மணல். தோப்புக்காரர்கள் ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பது பந்தாவுக்கு மட்டுமில்லை.

அப்படி ஒரு வண்டிதான் அன்றைக்குக் குழி மேல் நின்றது. ஃபோர் வீல் போட்டு மேடேறினால் அடியில் ‘கடக்... கடக்...’ என்று உதை. ஓட்டி வந்த தம்பி கிரவுன் போய்விட்டது என்றார். பட்டறை அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. குழிக்குள் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன், வெள்ளைச் சட்டையோடு!

கியர் பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டு ஓர் அலுமினியப் பெட்டி. அதுதான் டிரான்ஸ்பர் கேஸ். இன்ஜினிலிருந்து வருகிற சக்தியை முன்னச்சுக்கு ஒரு பங்கு, பின்னச்சுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கும் பாகப்பிரிவினை ஆபீஸ் இதுதான். லோ போட்டால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இழுவையைக் கூட்டிக் கொடுப்பதும் இதுவே. நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கிற யோசனை ஒன்றும் நேற்று வந்ததல்ல. நெதர்லாந்தின் ஸ்பைகர் கம்பெனி 1903-லேயே அப்படி ஒரு பெட்ரோல் கார் செய்துவிட்டது. நம் ஊருக்கு அது வந்தது ஜீப் வடிவில். 1940-களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அதற்குள் இருந்த ஸ்பைசர் 18 பெட்டியில் செயின் கிடையாது, பல்லோடு பல் கடிக்கும் கியர்கள்தான். பழைய வில்லிஸைப் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். பின்னச்சின் உருண்டை நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பெட்டி தன் சக்தியை அந்தப் பக்கமாக வெளியே விட்டதுதான் காரணம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ஒரு ஜீப்பையும் குனிந்து பார்க்காமல் விட்டதில்லை. இன்றைய பெட்டிகள் பலவற்றில் முன்னச்சுக்குச் சக்தி போவது அகலமான பல் செயின் வழியாக. கனம் குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் செயின் என்றால் நீளத்தானே செய்யும்?

வேலை ஆரம்பம். பட்டறைப் பையன் ஸ்பானரோடு கீழ் நட்டுக்குப் போனான். “டேய், மேல் நட்டைத் தொறந்தியா?” என்று ஓர் அதட்டல். இந்தத் தொழிலின் முதல் விதி அது. ஆயிலை வடிக்கும் முன் ஆயில் ஊற்றும் நட்டு கழலுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழசை வடித்துவிட்டு மேல் நட்டு இறுகிக் கிடப்பது தெரிந்தால் வண்டி குழியை விட்டு நகராது.

வடிந்தது ஆயிலா அது! சிவப்பாக ஊற்றியது கறுப்பாக வந்தது. அண்ணாச்சி விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். மினுமினு! அடி நட்டில் இருந்த காந்தத்தைத் துடைத்துக் காட்டினார். அதில் இரும்புத் தூள் கொஞ்சம்தான். “காந்தத்துல ஒட்டாத மினுமினுப்பு இருக்கே, அதான் வெவகாரம்” என்றார். இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும், அலுமினியத்தைப் பிடிக்காது. அப்படியானால் தேய்ந்தது பல் மட்டுமல்ல, பெட்டியின் சுவரே! தொய்ந்த செயின் உள்ளே சுவரில் அடித்து அடித்துச் சுரண்டியிருக்கிறது. துப்பறியும் கதையை மூன்றே நிமிடத்தில் முடித்த மனிதர், கையைப் பஞ்சு வேஸ்டில் துடைத்துக்கொண்டார். ராஜபாளையம் போன்ற பஞ்சு மில் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

புரொபெல்லர் ஷாஃப்ட்டுகளைக் கழற்றும் முன் இணைகிற இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. திருப்பி மாட்டும்போது கோட்டோடு கோடு சேர வேண்டும், இல்லையென்றால் வண்டி உதறும். (நெயில் பாலிஷ் யாருடையது என்று கேட்டேன். பையன் வெட்கப்பட்டான்.) ஒயர் பிளக், பிரீதர் குழாய், தாங்கு ஜாக்கி, சுற்றிலும் போல்ட்டுகள். பிறகு பெட்டி பின்னால் நழுவி வெளியே வந்தது. நாற்பது கிலோ பக்கம் இருக்கும்.

திறந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செயின் வெளியே வந்ததும் அண்ணாச்சி அதைப் படுக்கைவாட்டில், இரு கையிலும் நீட்டிப் பிடித்தார். நல்ல செயின் ஓரளவு விறைப்பாக நிற்கும். இது நடுவில் தொங்கிச் சிரித்தது. பெட்டிச் சுவரில் ஒரு பள்ளம். விரல் நுனி உள்ளே போனது!

இனிமேல்தான் விஷயம். இதைத் தேய்த்தது மலையா? இல்லவே இல்லை.

“தம்பி, ஃபோர் வீல் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, பாக்கலியா?”

“பாத்தேன் அண்ணாச்சி. கிரிப்பாப் போகுமேன்னு விட்டுட்டேன்.”

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். இந்த மாதிரிப் பெட்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது, முறுக்கு முழுக்கச் செயினுக்குப் போகும்.

அதோடு விட்டாரா தம்பி? முன்னால் இரண்டு டயர் புத்தம் புதுசு, பின்னால் மொட்டை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதுசில் பட்டன் ஆழம் 8 மில்லிமீட்டர், பழசில் 2 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சுமார் 38 மில்லிமீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்கு 15 மீட்டர் போல. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் 150 மீட்டருக்கு மேல் முன்னுக்கும் பின்னுக்கும் இழுபறி! ஆண்டாள் தேரை ஆடிப்பூரத்தன்று ஊரே வடம் பிடித்து இழுக்க, யாரோ சக்கரத்துக்கடியில் கட்டையை எடுக்காமலே விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தச் செயினின் பாடு. எப்போதும் நாலு சக்கரத்திலும் ஓடுகிற ஏ.டபிள்யூ.டி. கார்கள் பலவற்றிலும் டயர் கதை இதேதான். அங்கே செயினுக்குப் பதில் கிளட்ச் பிளேட்டுகள் வேகும்.

சுவரே போனபின் செயின் மட்டும் மாற்றிப் பயனில்லை. புதுப் பெட்டியின் விலையைக் கேட்டதும் தம்பி ஒரு ஸ்டூலைத் தேடினார். கடைசியில் கோயம்புத்தூர் உக்கடத்திலிருந்து ஒரு பழைய பெட்டி பார்சலில் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி அதை நம்பவில்லை. தகட்டு நம்பரை ஒத்துப் பார்த்தார், பிரித்துச் செயினைப் பிடித்துப் பார்த்தார், சீல்கள் எல்லாம் புதிது போட்டார். பையன் ஸ்ப்ளைன் பல்லில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து வாய்விட்டு எண்ணினான். பழசிலும் எண்ணினான். ஒன்று பிசகினாலும் மாட்டாது.

ஏற்றியது, போல்ட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கியது, எல்லாம் மளமளவென்று முடிந்தது. சிவப்பு ஆயிலை ஊற்றினார்கள், மேல் துளையிலிருந்து திரும்பி வழிகிற வரைக்கும். அளவுகோலே தேவையில்லாத அளவு அது.

வண்டியை எடுத்துக்கொண்டு, அய்யனார் கோவில் போகும் வழியில் ஆறாவது மைல் பக்கம் தோப்புப் பாதையில் நுழைந்தோம். மணலில் ஃபோர் வீல், லோ, ரிவர்ஸ், மறுபடி ஹை. சத்தமே இல்லை! நான் பின்சீட்டில் கை தட்டியதை அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்து முகம் சுளித்தார்.

பட்டறைக்குத் திரும்பியும் சாவி கைமாறவில்லை.

“பின்னாடி ரெண்டு டயரு மாத்திட்டு வந்து வண்டிய எடுத்துக்கோ தம்பி.”

“ரெண்டு போதும்ல அண்ணாச்சி?”

அண்ணாச்சி பின்கதவைத் திறந்து ஸ்டெப்னியைத் தட்டினார். அது வேற சைஸ்.

“மூணு.”