நாட்டு மரமும் ஒட்டுப்பலகையும்

உத்தியோக நிமித்தம் வெளிமாநிலங்களுக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர் பலர், இப்பொழுது வாடகை வீட்டைத் துறந்து, அடுக்குமாடியில் இரண்டறை கொண்ட சிறு வீடொன்றையேனும் சொந்தமாக வாங்கிக் குடிபுகுகின்றனர். சேமநிதியில் பாதியும் வங்கிக் கடனும் சுவருக்கே சரியாகிவிடுகின்றன. அதன் பிறகுதான் அலமாரி, கட்டில், கதவு, சமையலறைப் பெட்டகம் என்னும் இரண்டாம் செலவு தொடங்குகிறது. ஊரில் பாட்டனார் வீட்டுத் தேக்கு நிலைக்கதவு கண்முன் நிற்க, "எல்லாம் தேக்கிலேயே இருக்கட்டும்" என்று இல்லத்தரசியார் விரும்புவது இயல்பே. மரக்கடைக்காரர் விலை சொன்னதும் அவ்விருப்பம் ஒடுங்கி, பேச்சு பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகைக்கு வந்து சேர்கிறது. பெரும்பாலும் பணம் வீணாவது அந்த இடத்திலேதான். மேலே தெரியும் மரம் யாது என்று கேட்கிறோமேயன்றி, உள்ளே இருப்பது யாது, அதை ஒட்டிய பசை யாது என்று கேட்பதில்லை.

ஒட்டுப்பலகை செய்யும் முறையை அறிந்தால் இவ்வினாக்கள் தாமே எழும். நனைந்து பதமான கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, கூரிய நீண்ட கத்தியால் பென்சில் சீவுவதுபோல் உரிக்கின்றனர். பாய் விரிவதுபோல் மெல்லிய தகடு விரிந்துகொண்டே வருகிறது. அத்தகடுகளை உலர்த்தி, பசை தடவி, ஒன்றன் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் மாற்றி மாற்றி அடுக்கி, வெப்ப அழுத்தத்தில் இறுக்குகின்றனர். அடுக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். இந்தக் குறுக்கு நெடுக்குப் பின்னலால்தான் தனிப்பலகையைப்போல் இது எளிதில் வெடிப்பதுமில்லை, பருவத்திற்குப் பருவம் ஊதிச் சுருங்குவதுமில்லை.

யமுனாநகரை அடுத்த ஜகாத்ரியில், ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் நான் எழுத்தனாக இருக்கிறேன். பொழுது விடியுமுன்பே கட்டைகளைச் சுமந்த டிராக்டர் வண்டிகள் இவ்வூர்ச் சாலைகளில் வரிசைகட்டி நிற்கும். ஊர்ப்புறத்து வெளிகளில், உரித்த தகடுகள் அப்பளம் காய்வதுபோல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். இத்தொழில் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

தேயிலைப் பெட்டிகளின் பொருட்டே அசாமில் ஒட்டுப்பலகைத் தொழில் வேரூன்றிற்று. மார்கரீட்டாவில் ரயில் பாதையும் நிலக்கரிச் சுரங்கமும் நடத்திய கம்பெனியே ஒட்டுப்பலகை ஆலையும் நடத்தியது என்பதில், ரயில்வேக்காரனாகிய எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அங்கே உரிக்கப்பட்டவை ஹோலாங், ஹோலாக் முதலிய காட்டு மரங்கள். ஹோலாங் இன்று அசாமுக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் மாநில மரமாகும். காடு வரையின்றி அழிந்தமையால், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையான கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. அருணாசலத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை அசாமிலும் இருந்த மர ஆலைகள் யாவும் மூடப்பட்டன. தொழில் மேற்கே பெயர்ந்தது. காட்டு மரத்தின் இடத்தை யமுனாநகர்ப் பக்கத்துக் கழனி மரங்கள் பிடித்துக்கொண்டன.

அம்மரங்கள் யாவை? பாப்ளரும் யூகலிப்டஸுமே. பாப்ளர் ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் இலையுதிர்ப்பதால் அதன் அடியில் கோதுமை தடையின்றி விளையும். ஆயினும் பாப்ளர் அமெரிக்காவிலிருந்து வந்தது. யூகலிப்டஸ், நம் தைலமரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கேரளத்துப் பெரும்பாவூர் ஆலைகள் மிகுதியாகப் பயன்படுத்தும் ரப்பர் மரமோ பிரேசில் வழிவந்தது. ஆகவே "சுத்த நாட்டு மரம்" என்று கடைக்காரர் தட்டிக் காட்டும் பலகையின் வயிற்றில் இருப்பது அயல்நாட்டு வித்தேயாகும். அதனால் குற்றமொன்றுமில்லை. உழவனின் வயலில் விளைந்த மரத்தால் காடு பிழைத்திருக்கிறதே! உள்ளடுக்கும் நாட்டு மரமாகவே இருக்க வேண்டுமென்பார்க்கு மலைவேம்பு உண்டு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியார் ஊக்குவித்ததால் தமிழ்நாட்டு உழவர் பலர் இதனைப் பயிரிடுகின்றனர்.

அப்படியாயின் தேக்குக்கு இடமே இல்லையோ? உண்டு, மேற்பூச்சாக உண்டு. அலங்கார வெனீர் என்பது உரிப்பதன்று, சீவுவது. அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவினதே. 25 மில்லிமீட்டர் தேக்குப் பலகை ஓர் அலமாரிக் கதவுக்குப் போதுமென்று வைத்துக்கொள்வோம். அதே கனத்தைச் சீவினால் கணக்குப்படி 50 தகடுகள். வாளறுப்பைப்போல் தூளாய்ப் போவதும் இல்லை. ஒருவர் வீட்டுத் தேக்குப் பல வீட்டுக்கும் ஆகிறது. இதைச் சிக்கனம் என்று சிலர் இகழலாம். நூறாண்டு நின்ற மரத்தை ஒரே குடும்பம் விழுங்குவதைவிட இது மேலென்றே நான் நினைக்கிறேன்.

எந்த ஊர்த் தேக்கு என்பதும் கேட்கத் தக்கதே. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஊர் செல்லும் அன்பர்கள் பல்லார்ஷாவை அறிவார்கள். அதைச் சூழ்ந்த சந்திரபூர்க் காடுகளின் தேக்கு நாடெங்கும் புகழ்பெற்றது. நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் இடப்பட்டது. இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு. இனம் ஒன்றேயாயினும், இளமையில் வெட்டியதில் வைரம் குறைவு, வெளிறு மிகுதி.

வடநாட்டுக் கடைகளில் பெயர்க் குழப்பமும் உண்டு. சாகவான் என்பது நம் தேக்கே. ஷீஷம் என்பதை நம் ஈட்டி என்று கருதி வாங்குவோர் உளர். அவ்விரண்டும் உறவுடைய வேறு மரங்கள். ஷீஷம் இமயத்து அடிவாரத்து நாட்டு மரம். இப்பக்கத்தில் வீடு கட்டுவோர் மனநிறைவோடு கொள்ளலாம். "ரீகான்" என்று ஒன்று வரும்: பாப்ளர் போன்ற வெளிர்மரத் தகடுகளுக்குச் சாயமேற்றி, அடுக்கி ஒட்டி, மீண்டும் சீவி, ஈட்டியின் கோலமும் தேக்கின் கோலமும் வருவிக்கப்பட்டது அது. பார்வைக்கு அழகுதான், ஆனால் இயற்கை வெனீரின் விலையை அதற்குக் கொடுக்கலாகாது. ரேகை அச்சடித்தாற்போல் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் ஐயம் கொள்க. குர்ஜன் என்னும் சிவந்த முகப்பும் அத்தகையதே. மியான்மர் 2014-ல் முழுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பின்னர், வேறு மரத்திற்குச் செஞ்சாயம் பூசி அப்பெயரால் விற்பதும் நடக்கிறது.

இனிப் பசையைப் பற்றி. "எம்.ஆர்." என்னும் தரம் ஈரக்காற்றைத் தாங்குமேயன்றித் தண்ணீரைத் தாங்காது, படுக்கையறை அலமாரிக்குப் போதும். அதற்குப் பெரும்பாலும் யூரியா வகைப் பசை. சமையலறைக்கும் குளியலறைக் கதவுக்கும் பீனால் வகைப் பசையிட்ட "பி.டபிள்யூ.ஆர்." தரமோ, ஐ.எஸ். 710 எண் கொண்ட கடற்பலகையோ வேண்டும். பின்னதன் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிப்பது விதி. தொட்டியடிப் பெட்டகத்தில் எம்.ஆர். பலகையை வைத்து, மேலே ஈட்டி வெனீர் ஒட்டுவது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

முத்திரையை மட்டும் நம்பவேண்டா. ஐ.எஸ்.ஐ. குறியுடன் இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கைபேசிச் செயலியில் இட்டால் ஆலையின் பெயர் வரும். பலகையின் ஓரத்தைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு இடையே பொந்தும், தகட்டின்மேல் தகடு ஏறியதும் தெரியும். விரல் கணுவால் பரப்பெங்கும் தட்டினால் பொந்துள்ள இடம் ஓசையாலே காட்டிக்கொடுக்கும். தச்சர் அறுத்த துண்டொன்றை வாங்கி ஓரிரு மணி நேரம் கொதிக்க வைத்தால், கடைக்காரர் சொன்னது மெய்யா என்பதும் விளங்கிவிடும். உயர்ந்த ஆடையலமாரிக் கதவுக்கு மட்டும், வளையாமல் நிற்கும் பிளாக்போர்டு ஒட்டுப்பலகையினும் ஏற்றது.

அறுத்த ஓரங்களைத் திறந்தபடி விடாதிருக்கத் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று; ஈரமும் பூச்சியும் நுழையும் வாயில் அதுவே. வெனீர் வாங்கும்போது, ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்களாக, வரிசை எண் பார்த்து, தேவைக்கு மேல் ஒன்றிரண்டு கூட்டியே மொத்தமாக வாங்கிவிட வேண்டும். பின்னர் போய்க் கேட்டால் அதே தேக்கு கிடைக்கும். அதே ரேகை கிடைக்காது.