சீனி போகும் வழி, சோறு போகும் வழி

வயிற்று ஸ்கேன் எடுத்து ‘ஃபேட்டி லிவர்’ என்ற சீட்டோடு வருகிறவர் முதலில் கேட்பது, “நான் குடித்ததே கிடையாதே, எனக்கு எப்படி வந்தது?” என்பதுதான். பலருக்கு விடை சோற்றுப் பானையிலும் சீனி டப்பாவிலும் இருக்கிறது. இலஞ்சி, தென்காசிப் பக்கம் இதற்கு அஞ்சிக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியவர்களும் உண்டு. அந்த மாற்றம் கல்லீரலுக்கு உதவுமா என்பதை எலிகளை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம்.

எலிக்கு நம் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்ப்பது தமிழ்நாட்டில் பழைய வேலை. குன்னூரில் 1920-களில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்றவை செழித்தன. சோற்றையே நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்றவை நோஞ்சானாயின. அவர் தேடியது ஊட்டக் குறையை. 2000-களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சி.வி. அனுராதாவின் குழு ஆராய்ந்தது மிகுதியை. ஒரு பிரிவு எலிகளுக்கு உணவில் 60 சதவீதம் மாவுச்சத்து, இன்னொரு பிரிவுக்கு அதே அளவு ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. ஃபிரக்டோஸ் தின்றவற்றின் இரத்தத்தில் சில வாரங்களிலேயே இன்சுலினும் டிரைகிளிசரைடு கொழுப்பும் ஏறின. சுரந்த இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்கவில்லை.

மாவுச்சத்து முழுக்கக் குளுக்கோஸ் கோத்த சங்கிலி. செரித்துப் பிரிந்த குளுக்கோஸில் பெரும்பங்கு கல்லீரலைத் தாண்டித் தசைக்கும் மூளைக்கும் போகிறது. கல்லீரல் தன் பங்கைக் கிளைகோஜனாகச் சேர்க்கும். அதற்குமேல் வருவதை உடைக்கும் பாதையில் ஒரு நொதி வயல் மடை போல நிற்கிறது. செல்லில் ஆற்றல் போதுமானால் மடை அடைபடும். ஃபிரக்டோஸ் அந்த மடைக்குக் கீழே வந்து சேர்கிறது. நிறுத்த ஆளில்லாததால் கல்லீரல் அதை வேகமாக உடைத்து, ஒரு பங்கைக் கொழுப்பமிலமாக்குகிறது. அந்த அவசரத்தில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி கரைந்து யூரிக் அமிலமும் கூடுகிறது.

சீனி என்பது சுக்ரோஸ்; அதாவது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கூடவே கொஞ்சம் தாது உப்பு இருக்கிறது. கல்லீரல் அதற்காகக் கணக்கைக் குறைத்துக்கொள்வதில்லை. கருப்பட்டியை மருந்தென்று விற்பது எனக்குக் கவலை தருகிறது. சர்க்கரை நோயாளிகள் அதை நம்பி இரண்டு தம்ளர் குடிக்கிறார்கள்.

அதற்காகச் சோறு தப்பித்துவிடவில்லை. 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வொன்றில், சட்டென்று செரிக்கும் மாவுச்சத்து தின்ற எலிகளும் மெல்லச் செரிப்பதைத் தின்றவையும் ஒரே எடையில் வைக்கப்பட்டன. முதல் வகையின் உடலில் சுமார் 70 சதவீதம் கூடுதல் கொழுப்பு. குளுக்கோஸ் வேகமாக ஏறினால் இன்சுலினும் ஏறும். கொழுப்பைச் சேர்க்கச் சொல்வதும் அந்த இன்சுலின்தான். தீட்டிய அரிசியைக் குழைய வடித்து, தட்டு நிறையப் போட்டு, பெயருக்குக் காய் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் முதல் வகையோடுதான் சேரும். இந்தப் பக்கத்தில் சீனியைவிடச் சோற்றின் அளவுதான் பெரிய பிரச்சினை என்பது என் எண்ணம்.

எலியின் கல்லீரல் நம்முடையதைவிடச் சுலபமாகச் சர்க்கரையைக் கொழுப்பாக்கும். நம்மில் யாரும் உணவில் 60 சதவீதம் ஃபிரக்டோஸ் தின்பதும் இல்லை. ஆகவே ஒரு லட்டுக்கு யாரும் பயப்பட வேண்டாம். அளவு எங்கே தவறுகிறது என்பதற்கு 2018-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளில் ஒரு தடயம் கண்டார்கள். கொஞ்சமாக வரும் ஃபிரக்டோஸைச் சிறுகுடலே குளுக்கோஸாக மாற்றிவிடுகிறது; ஒரே மூச்சில் நிறைய வந்தால்தான் மிச்சம் கல்லீரலுக்கு வழிகிறது. மனிதக் குடலும் அப்படியே நடக்கும் என்றால், குற்றாலச் சீசனில் மங்குஸ்தானைச் சுளை சுளையாகத் தின்பதும், சீனி கொட்டிய ஜூஸை ஒரே மடக்கில் குடிப்பதும் கல்லீரலுக்கு ஒன்றல்ல.