ஹேஸல்மியரில் ஒரு குடும்பத்தின் இசை விழா

பாடசாலைகளில் மேல்நாட்டுச் சங்கீதம் படிக்கும் பிள்ளைகளின் கையில் ஒரு பிளாஸ்டிக் குழலைப் பார்த்திருப்பீர்கள். ரெக்கோடர் என்பது அதன் பெயர். நமது புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் பிடிக்காமல், நேரே பிடித்து ஊதுவது. வீட்டில் பிள்ளை பழகத் தொடங்கினால் அயலவர் முகம் சுளிப்பதும் உண்டு. சாதாரணமான இந்தக் குழல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பிய இசை மேடைகளில் ஏறக்குறைய ஒலிக்காமலே கிடந்தது. அதை மீண்டும் மேடையேற்றியவர்களுள் முதன்மையானவர் ஆர்னல்ட் டொல்மெட்ச். அதற்கு அவர் அமைத்த மேடை, இங்கிலாந்தின் சறே மாவட்டத்திலுள்ள ஹேஸல்மியர் என்ற சிற்றூரில் 1925ஆம் ஆண்டு தொடங்கிய இசை விழா.

மறுமலர்ச்சிக் காலத்து இசையும் அதைத் தொடர்ந்த பரோக் இசையும் என்று சொல்லும்போது, பொதுவாகப் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து 1750 வரையிலான இசையைக் குறிக்கிறோம். பேர்ட், பேர்செல், பாஹ், ஹென்டல் எல்லோரும் இந்தப் பரப்புக்குள் வருகிறார்கள். இவர்களுடைய ஆக்கங்கள் எழுத்தில் இருந்தன. நூல்நிலையங்களில் கட்டுக்கட்டாக இருந்தன. பிறகு தொலைந்தது எது என்று நீங்கள் கேட்கலாம்.

தொலைந்தது வாசிக்கும் முறை. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தோடி ராகக் கீர்த்தனை ஒன்றைச் சுரதாளக் குறிப்புடன் எழுதி, குருவிடம் பயிலாத ஒருவரிடம் கொடுத்தால் அவர் என்ன பாடுவார்? சுரங்கள் இருக்கும். தோடி இருக்காது. கமகம் எழுத்தில் அகப்படுவதில்லை. நமக்கு அது குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்கு வந்து சேர்கிறது. ஐரோப்பாவில் அந்தச் சங்கிலி அறுந்துபோயிருந்தது. ஹார்ப்சிகோர்ட் இருந்த இடத்தில் பியானோ அமர்ந்தது. வயோல் இருந்த இடத்தை வயலினும் செலோவும் பிடித்துக்கொண்டன. பழைய வாத்தியங்கள் நூதனசாலைகளிலும் பரண்களிலும் ஒதுங்கின. அவற்றை வாசித்தவர்களும் மறைந்தார்கள்.

டொல்மெட்ச் 1858இல் பிரான்ஸின் லெ மான்ஸ் நகரில் பிறந்தவர். பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற் குடும்பம். பிறசெல்ஸில் வயலின் பயின்று, பின் இலண்டனுக்கு வந்தார். அங்கே பழைய கையெழுத்துப் பிரதிகளில், வயோல் வாத்தியக் குழுக்களுக்காக எழுதப்பட்ட ஆங்கில இசை குவிந்து கிடப்பதைக் கண்டார். வயோலைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லை உள்ளங்கை மேல்நோக்க ஏந்தி வாசிப்பது. பெரும்பாலும் ஆறு தந்திகள். கழுத்தில் வீணையின் மெட்டுகளைப் போன்ற தடைகள் உண்டு. ஆனால் அவை உலோகமல்ல, குடல் நரம்பைச் சுற்றிக் கட்டியவை. தொனி மெல்லியது. பெரிய மண்டபத்துக்கு ஏற்றதல்ல.

இசையைக் கண்டெடுத்தவருக்கு வாத்தியம் வேண்டியிருந்தது. பழையனவற்றைத் திருத்தினார்; கிடைக்காதவற்றைத் தாமே செய்தார். எப்படி வாசிப்பது என்பதற்கு, குவான்ஸ் 1752இலும், பாஹ்வின் மகன் கார்ல் பிலிப் இமானுவல் 1753இலும் வெளியிட்ட கைந்நூல்களைப் போன்றவற்றைத் தேடிப் படித்தார். 1915இல் அவர் வெளியிட்ட நூல் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் இசையை எவ்வாறு பொருள்கொண்டு வாசிப்பது என்று ஆராய்கிறது. இரண்டு உதாரணங்கள் தருகிறேன். பிரெஞ்சு இசையில் சம அளவாக எழுதப்பட்ட இரு சுரங்களுள் முதலாவதைச் சற்று நீட்டி, அடுத்ததைக் குறுக்கி வாசிப்பது அக்கால வழக்கம். ஏட்டில் அது தெரியாது. ஹார்ப்சிகோர்ட் வாசிப்பவருக்கோ அடிச்சுர வரியும் சில எண்களுமே தரப்பட்டிருக்கும். மற்றவற்றை அவர் அந்த இடத்திலேயே இட்டு நிரப்ப வேண்டும். நமது கற்பனாசுரத்துக்கு வெகு தூரமல்ல!

இலக்கிய நேயர்களுக்கு இந்த மனிதர் வேறொரு வகையிலும் முக்கியமானவர். பேர்னாட் ஷா இசை விமர்சகராக இருந்த காலத்தில் இவருடைய கச்சேரிகளைப் பாராட்டி எழுதினார். ஜோர்ஜ் மூர் 1898இல் எழுதிய நாவலொன்றில் கதாநாயகியின் தந்தை டொல்மெட்சைப் பார்த்து வார்க்கப்பட்டவர். கவிதையை இசையோடு சேர்த்துச் சொல்லும் யேட்ஸின் முயற்சிக்காக, புளோரன்ஸ் ஃபார் என்ற நடிகைக்கு இவர் ஒரு தந்தி வாத்தியம் செய்து கொடுத்தார். எஸ்ரா பவுண்டுக்கு ஒரு கிளாவிகோர்ட் செய்தார். இளைஞரான ஜேம்ஸ் ஜொய்ஸ் 1904இல், லூட் வாத்தியம் ஒன்றை வாங்கிக்கொண்டு இங்கிலாந்தின் தென்கரையோர ஊர்களில் பழைய பாடல்களைப் பாடித் திரியும் ஆசையில் இவருக்குக் கடிதம் எழுதினார். லூட் கைகூடவில்லை. ஆனால் டொல்மெட்சின் பெயர் ‘யுலிஸிஸ்’ நாவலில் இடம்பெற்றுவிட்டது.

வில்லியம் மொரிஸ் 1896இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, அவர் அருகே பழைய ஆங்கில இசையை வாசித்தவரும் டொல்மெட்ச்தான். மொரிஸ் புத்தகம் அச்சிட்ட கை அச்சியந்திரத்திலேயே நமது ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் அச்சாயிற்று. கைவினையும் கலையும் பிரியக் கூடாது என்ற கொள்கை இவர்கள் எல்லோருக்கும் பொது. டொல்மெட்சின் பட்டறையை அந்தப் பின்னணியில்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

முதலாம் உலக யுத்த காலத்தில், 1917இல், குடும்பம் இலண்டனை விட்டு ஹேஸல்மியரில் குடியேறியது. 1919இல் ஒரு விபரீதம் நடந்தது. இலண்டனில் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில், ஏழு வயது மகன் கார்லின் பொறுப்பிலிருந்த பை வோட்டர்லூ ரயில் நிலையத்தில் தவறிப்போயிற்று. அதனுள் இருந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் பிறெஸன் என்ற கைவினைஞர் செய்த ரெக்கோடர். தந்தை முன்னரே எடுத்து வைத்திருந்த அளவுகளைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்ய முனைந்தார். பல தடவை முயன்று வெற்றி கண்டார். தொலைந்த குழல் பின்னர் பழம்பொருட் கடையொன்றிலிருந்து மீண்டது. ஆனால் அது தொலைந்திராவிட்டால் புதியவை எப்போது பிறந்திருக்குமோ, யாரறிவார்?

விழாவைத் தொடங்கியபோது டொல்மெட்சுக்கு வயது அறுபத்தேழு. மேடையில் பெரும்பாலும் அவர் குடும்பம். மனைவி மேபல் வயோல் வாசித்தார். பழைய நடனங்களை ஆராய்ந்து ஆடியும் காட்டினார். ருடொல்ப் ஹார்ப்சிகோர்ட், நத்தலி வயோல், கார்ல் ரெக்கோடர். ஒரு உருப்படியில் வயோலுடன் இருந்தவர் அடுத்ததில் லூட்டை எடுப்பார். ஒரு மாலை பாஹ்வுக்கு. இன்னொன்று ஆங்கில வயோல் இசைக்கு. 1926இல் சிறியதும் பெரியதுமான நான்கு அளவு ரெக்கோடர்கள் ஒரு குழுவாக ஒலித்தன. கேட்க வந்த ஜேர்மானியர் பீற்றர் ஹார்லன், ஊர் திரும்பி, விரல் வைக்கும் முறையை எளிதாக்கி மலிவான குழல்களைச் செய்விக்க, அவை ஜேர்மன் பாடசாலைகளில் பரவின. எளிதாக்கியது நன்மையா என்பது வேறு விடயம். சில சுரங்கள் அதனால் கெட்டன என்பார்கள் விற்பன்னர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாத்தியம் செய்வது, திருத்துவது, ஆராய்வது, கற்பிப்பது, வாசிப்பது எல்லாவற்றையும் ஒரே குடும்பம் செய்தால் ஒத்திகைக்கு நேரம் ஏது? பிசகிய சுரங்களை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். டொல்மெட்சோ மாற்றுக் கருத்தை எளிதில் சகிப்பவரல்லர். இதைவிட அடிப்படையான கேள்வியொன்றை அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் டறஸ்கின் பின்னாளில் எழுப்பினார். பழைய முறையென்று இன்று வாசிக்கப்படுவது உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் இரசனையே என்பது அவர் வாதம். 1995இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் இதை விரிவாகக் காணலாம். அவர் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பதினேழாம் நூற்றாண்டின் காது நமக்கு இல்லை. ஆனால் பியானோவிலேயே பாஹ்வைக் கேட்டுப் பழகிய ஒருவருக்கு, கிளாவிகோர்ட்டில் விரல் அழுத்தத்தாலேயே சுரம் நடுங்குவதைக் கேட்பது புதிய அனுபவம். அந்த வாய்ப்பே இல்லாமற் போயிருக்கும் அல்லவா?

டொல்மெட்ச் 1940இல் காலமானார். ருடொல்ப் 1942இல் யுத்தத்தின்போது கடலில் மறைந்தார். விழாவைக் கார்ல் பல தசாப்தங்கள் நடத்தினார். 1997இல் அவரும் மறைந்தார். யோர்க்கில் 1977இலும், நெதர்லாந்தின் உட்றெக்டில் 1982இலும் தொடங்கிய விழாக்கள் ஹேஸல்மியரைவிடப் பன்மடங்கு பெரியவை; தொழில்முறை வாத்தியக்காரர்கள் நிறைந்தவை. கார்லுக்கோ பழைய இசை மட்டும் போதவில்லை. லெனொக்ஸ் பேர்க்லி போன்ற சமகாலத்தவரிடம் ரெக்கோடருக்கென்று புதிய ஆக்கங்களை எழுதுவித்து, இலண்டன் விக்மோர் மண்டபத்தில் வாசித்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அவருடைய பட்டறை பேக்லைட்டில் ரெக்கோடரை வார்த்தெடுத்தது. மலிவானது, கழுவக்கூடியது. பிள்ளைகளின் புத்தகப் பையில் அது இடம்பிடித்தது அப்படித்தான்.