உண்பதால் வாழும் மரபு: பெரு நாட்டு இனிப்புகள்

சொத்து என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை நிலம், வீடு, நகை, வைப்புத்தொகை ஆகியன. இவற்றுக்கு ஆவணம் உண்டு. பூட்டிக் காக்கும் வழியும் உண்டு. ஆவணத்தில் அடங்காத, பூட்டி வைத்தால் அழிந்துபோகும் சொத்துகளும் உள்ளன. ஒரு மக்களின் உணவு மரபு அத்தகையது. எடுத்துப் புழங்கப் புழங்கத்தான் அது நிலைக்கும். தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் இனிப்புகள் இதற்கு நல்ல சான்று. அந்நாட்டு அரசு 2007ஆம் ஆண்டில் தன் நாட்டுச் சமையலைத் தேசப் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு உயிரூட்டுவோர் தெருவோர விற்பனையாளரும் இல்லத்துச் சமையலறையினருமே.

பெருவின் தலைநகரான லீமாவை ஸ்பானியர் 1535இல் நிறுவினர். ஆண்டீஸ் மலைநாட்டுப் பழங்குடியினர், குடியேறிய ஸ்பானியர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் ஆகிய மூன்று தரப்பினரின் கைவண்ணமும் அந்நகர இனிப்புகளில் கலந்துள்ளது. மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அம்மண்ணுக்கு உரியவை. கரும்பு, இலவங்கப்பட்டை, கிராம்பு ஆகியவை ஆசியாவில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக அங்குச் சென்றவை. பெருவில் பாகு காய்ச்சப் பயன்படும் 'சான்காக்கா', நம் வெல்லத்தை ஒத்த கரும்புக்கட்டியே.

'பிக்கரோனெஸ்' என்னும் பலகாரத்தைக் காண்போம். ஸ்பானியர் தம் நாட்டில் கோதுமை மாவைப் பிசைந்து பொரித்து உண்டனர். லீமாவில் அம்மாவுடன் உள்ளூர்ப் பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ந்தன. புளித்த மாவை ஈரக் கையால் வளையமாக்கி எண்ணெயில் இட்டு, குச்சியால் திருப்பி எடுத்து, சான்காக்கா பாகு ஊற்றித் தருவர். ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் பலர் இதனைத் தெருவில் விற்று வாழ்ந்தனர். ஸ்பானியப் பலகாரம் உள்ளூர் விளைபொருளால் உருமாறி, அப்பெண்களுக்குப் பிழைப்பும் ஆயிற்று.

'மசமோர்ரா மொராதா' ஊதா நிறக் கூழ். ஊதா மக்காச்சோளத்தைக் கதிர்த்தண்டோடு அன்னாசித் தோல், இலவங்கப்பட்டை, கிராம்பு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிடுவர். நிறம் தண்டிலும் நிறைந்திருப்பதால் அதனை வீணாக்குவதில்லை. சாற்றை வடிகட்டி, உலர்பழங்களும் சர்க்கரையும் இட்டு, குளிர்ந்த நீரில் கரைத்த சர்க்கரைவள்ளி மாவால் கெட்டியாக்குவர். இறுதியில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஊதா நிறம் செம்மை பெற்று ஒளிரும். லீமாவாசிகளுக்கு 'மசமோர்ரா உண்போர்' என்னும் செல்லப்பெயரே வழங்குகிறது.

அக்டோபர் மாதம் இவ்வினிப்புகளுக்குரிய காலம். 1651ஆம் ஆண்டளவில் அங்கோலாவிலிருந்து வந்த அடிமை ஒருவர் லீமாவின் மண்சுவரொன்றில் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவத்தை வரைந்தார். 1655இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சுற்றிலும் கட்டடங்கள் வீழ, அச்சுவர் நின்றது. அற்புதங்களின் ஆண்டவர் என அவ்வுருவம் வணங்கப்படலாயிற்று. 1687இல் மீண்டும் நிலம் நடுங்கியபோது அதன் படி ஒன்று ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. இன்றும் அக்டோபரில் பெருந்திரளான மக்கள் ஊதா உடை அணிந்து அவ்வூர்வலத்தில் நடக்கின்றனர்.

அவ்விழாவின் இனிப்பு 'துர்ரோன் தெ தோன்யா பெப்பா'. சோம்பு மணக்கும் மாவுக் குச்சிகளைச் சுட்டு, அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே பழமணம் ஏறிய சான்காக்கா பாகை ஊற்றி, மேலே வண்ண மிட்டாய்களைத் தூவுவர். லீமாவுக்குத் தெற்கிலுள்ள கன்யெத்தே பள்ளத்தாக்கில் அடிமையாயிருந்த ஹோசெஃபா மர்மனியோ என்னும் பெண், செயலிழந்த தம் கைகள் ஆண்டவர் அருளால் குணமானதற்கு நன்றியாக இதனைச் செய்தார் என்பது செவிவழி மரபு. தோன்யா பெப்பா என்பது அவரது செல்லப்பெயர். பெருவில் அடிமைமுறை 1854இல்தான் ஒழிந்தது. பெயரின்றி மறைந்த அடிமைகள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருத்தியின் பெயரை, இனிப்பு வாங்கும்போதெல்லாம் அந்நகரம் உச்சரிக்கிறது.

இம்மரபுக்கு இடரும் உண்டு. நீரில் கலந்து காய்ச்சினால் போதும் என்னும் மசமோர்ரா பொடிப் பொட்டலங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. வேலை எளிதாகிறது, விலையும் குறைவு. எனினும் வீடுதோறும் பொட்டலமே போதும் என்றாகிவிட்டால், ஊதாக் கதிரை விளைவிக்கும் உழவர் வாங்குவோரை இழப்பார். பாகின் பதம் அறிந்த கையும் பழக்கம் இழக்கும். செய்முறையை ஏட்டில் எழுதி வைக்கலாம். பதத்தையோ அடுப்பருகில் நின்றுதான் கற்க வேண்டும்.

ஆகவே இம்மரபைத் தாங்குபவை மூன்று: ஆண்டுதோறும் அதனை நினைவூட்டும் திருநாள், அதனால் பிழைக்கும் கைகள், அதற்குரிய விளைபொருள். திருநாள் தானே வரும். மற்ற இரண்டும் வாங்குவோரை நம்பி நிற்கின்றன. அக்டோபரில் லீமாவின் தெருவோரத்தில் ஒரு கிண்ணம் கூழுக்குக் கொடுக்கப்படும் சிறு தொகை, விற்பவரின் அன்றாட வருவாயாகிறது. உழவரின் அடுத்த விதைப்புக்கு முதலுமாகிறது. பெருவின் மரபுச் செல்வம் இவ்வாறு கைமாறிக் கைமாறியே காக்கப்படுகிறது.