பழைய எஞ்சினுக்கு டர்போ பூட்டலாமா?

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பட்டணத்துப் பட்டறைகளில் மோட்டார் வேலை பழகுகிறார்கள். எஞ்சின் என்றால் அவர்களுக்கு உயிர். அப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் வீட்டிற்கு வந்து, "அப்பா, நம்ம பழைய டட்சனுக்கு டர்போ பூட்டணும், கொஞ்சம் பணம் வேணும்" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? ஒரே சொல்லில் மறுத்தால் பிள்ளை மனம் வாடும். கூட்டு எடுத்த பணத்தை யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தால் அது புகையாகவும் போகக்கூடும். விவரம் தெரிந்து பேசினால் இருவருக்கும் நல்லது. ஆகவே, டர்போ என்பது என்ன, பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினில் அதைப் பூட்டினால் என்னென்ன நேரும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நம் வீட்டு விறகடுப்பை நினைத்துக்கொள்வோம். விறகு கனன்று கொண்டிருக்கிறது, தீ எழும்பவில்லை. ஊதுகுழலை எடுத்து ஊதினால் குபீரென்று பற்றிக்கொள்கிறது. விறகு அதே விறகுதான், கூடியது காற்று. எஞ்சினும் ஓர் அடுப்பே ஆகும். 1 கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது சுலபம். காற்றைக் கூடுதலாக உள்ளே செலுத்துவதுதான் கடினம். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றோடு சரி. டர்போ என்பது அந்தக் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் ஊதுகுழல்.

இந்த ஊதுகுழலை ஊதுவது யார்? செம்பனை ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே நாரையும் ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் நீராவி உண்டாக்குகிறார்கள். அந்த நீராவி டர்பைன் என்னும் சுழலியைச் சுற்றுகிறது, மின்சாரம் கிடைக்கிறது. டர்போவிலும் கையில் அடங்கக்கூடிய ஒரு சிறு சுழலி இருக்கிறது. நீராவிக்குப் பதிலாக எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை அதைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் உண்டு. அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்கு அனுப்புகிறது. வீணாய்ப் போகும் புகையின் வேகத்தையும் வெப்பத்தையும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் தந்திரம் இது. அந்தத் தண்டு நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இந்த யுக்திக்கு 1905ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றவர் ஆல்பிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். முதலில் பெரிய டீசல் எஞ்சின்களில்தான் இது பயன்பட்டது. சொந்த உபயோகக் கார்களில் அமெரிக்காவின் செவர்லே கோர்வேர், ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் ஆகியவை 1962இல் டர்போவுடன் வெளிவந்தன. ஜப்பானில் 1979இல் நிசான் நிறுவனம் செட்ரிக், குளோரியா கார்களில் முதன்முதலாக டர்போவைப் பூட்டி விற்றது.

அந்த நிசான் எஞ்சினையே நாம் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 'எல்' வரிசை என்று பெயர் பெற்ற அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், லாரல், செட்ரிக், ஸ்கைலைன், பேர்லேடி போன்ற வண்டிகளில் ஓடியது. அதில் பெரியது எல் 28. அதன் கொள்ளளவு 2753 கன சென்டிமீட்டர். 1981இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 280 இசட் எக்ஸ் காரில் டர்போ இல்லாத எல் 28 கொடுத்த சக்தி 145 குதிரைத்திறன். டர்போ பூட்டியது 180 குதிரைத்திறன். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதல்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 இறாத்தல். டர்போ அதோடு 7 இறாத்தல் சேர்த்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14.7இல் 7 என்பது கிட்டத்தட்டப் பாதி. அப்படியானால் சக்தியும் பாதி கூட வேண்டும் அல்லவா? ஏன் கூடவில்லை?

சைக்கிளுக்குக் காற்றடித்த பிள்ளைகளைக் கேளுங்கள், விடை கிடைக்கும். அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். 32 டிகிரி வெப்பத்தில் உள்ளே போன காற்று, டர்போவைத் தாண்டும்போது 80 டிகிரிக்கும் மேல் ஆகிவிடும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அழுத்தம் பாதி கூடினாலும், காற்றின் எடை ஏறத்தாழக் கால் பங்குதான் கூடுகிறது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் பிற்காலக் கார்களில் 'இன்டர்கூலர்' என்னும் குளிர்விப்பான் வைக்கிறார்கள். அது ரேடியேட்டர் போன்றது. ஆனால் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் குளிரச் செய்வது.

இனி முக்கியமான இடத்திற்கு வருகிறோம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் கூடினால் சூடும் கூடும். சூடும் அழுத்தமும் எல்லை மீறினால், பெட்ரோல் கலவை ஒழுங்காக எரியாமல் திடீரென்று வெடிக்கும். வெளியே இது ஆணியைச் சுத்தியால் தட்டும் சத்தம்போல் கேட்கும். இதை 'நாக்கிங்' என்பார்கள். இந்த வெடிப்பு தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும், ரிங் உடையும், சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கெட் கிழியும். இதற்குப் பல மாதம் ஆகும் என்று நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டத்தில்கூட நடந்துவிடலாம்.

இதை அறிந்துதான் நிசான் பொறியாளர்கள் சும்மா டர்போவை மட்டும் கொண்டுவந்து பூட்டிவிடவில்லை. டர்போ இல்லாத எஞ்சினில் கலவை 8.8 மடங்கு அமுக்கப்பட்டது. டர்போ எஞ்சினில் அதை 7.4 மடங்காகக் குறைத்தார்கள். அதற்கென்று குழிவான தலையுள்ள பிஸ்டன்களைப் போட்டார்கள். எண்ணெய்ப் பம்பைப் பெரிதாக்கினார்கள். பெட்ரோலையும் தீப்பொறியையும் கணினியால் அளந்து கொடுத்தார்கள். அழுத்தம் அளவு மீறாமல் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் வால்வையும் வைத்தார்கள். இத்தனை மாற்றங்களும் சேர்ந்துதான் அந்தக் கூடுதல் 35 குதிரைத்திறன். டர்போ என்னும் ஒரு சாமான் மட்டும் தந்ததன்று.

நம் ஊர்ப் பட்டறையில் நடப்பது என்ன? பழைய சாமான் கடையில் ஒரு டர்போ மலிவாகக் கிடைக்கிறது. கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் அதைப் பூட்டிவிடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். 'எல்' வரிசை எஞ்சினில் காற்று போகும் குழாயும் புகை வரும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பழுக்கக் காயும் டர்போவுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் நிற்கும் கார்புரேட்டர். வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல், பெட்ரோல் குழாய் பழசாகி வெடித்திருந்தால், தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? மேலும், சாதாரணக் கார்புரேட்டரும் பழைய பெட்ரோல் பம்பும் அமுக்கிய காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் கொடுக்கச் செய்யப்பட்டவை அல்ல. காற்று மட்டும் கூடிப் பெட்ரோல் குறைந்தால், நாம் சொன்ன வெடிப்பு உடனே வந்து நிற்கும்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய முதல் பாடம் இது: டர்போவை வாங்குவதற்கு முன் எஞ்சினைச் சோதியுங்கள். ஆறு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டிற்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்த எஞ்சினுக்கு வேண்டியது டர்போ அல்ல, மராமத்து. எண்ணெய் அழுத்தம் சரியாக உள்ளதா? நீலப் புகை வருகிறதா? ரேடியேட்டர் துருப்பிடித்து அடைத்திருக்கிறதா? தளர்ந்த மாட்டின்மேல் இரட்டிப்புப் பாரம் ஏற்றினால் வண்டி வேகமாகப் போகாது, மாடுதான் விழும்.

இரண்டாவது பாடம் எண்ணெய். 1 லட்சம் சுற்று சுழலும் தண்டு எதன்மேல் நிற்கிறது? மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல்தான். எண்ணெய் அழுக்கானால் தண்டு தேயும். எண்ணெய் திரும்பி வரும் குழாய் அகலமாகவும் கீழ்நோக்கிச் சரிவாகவும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் எண்ணெய் தேங்கிப் புகையாக வெளிவரும். வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்தக்கூடாது. ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையேல் சூடான டர்போவுக்குள் நின்ற எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். எண்ணெய் மாற்றும் செலவைச் சுருக்குகிறவர்கள் டர்போவை நினைக்காமல் இருப்பதே நலம்.

மூன்றாவது பாடம் பிரேக். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் காரை நிறுத்துவதைவிட, 120 கிலோமீட்டரில் ஓடும் காரை நிறுத்தப் பிரேக் இரண்டேகால் மடங்கு வேலை செய்ய வேண்டும். எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பிரேக்கையும் டயரையும் பழையபடி விட்டால், அது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும். அதற்குப் பின் எத்தனை வெள்ளி இருந்தும் பயனில்லை.

நான்காவது, சட்டம். எஞ்சினை மாற்றுவதற்கும் திருத்துவதற்கும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டு அனுமதி பெற வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் அறிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தால், விபத்து நேர்ந்தபோது இழப்பீடு கிடைக்காமல் போனால் கடன் குடும்பத்தின் தலையில் விழும்.

அப்படியானால் டர்போ பூட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல வரவில்லை. முறையாகச் செய்தால் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் அருமையாக ஓடும். 'எல்' வரிசை எஞ்சினின் இரும்பு பிளாக்கும் ஏழு பேரிங் தாங்கும் கிராங்கும் உறுதியானவை. டர்போவை மட்டும் தனியாக வாங்காமல், தொழிற்சாலையிலேயே டர்போவோடு செய்த எஞ்சினைக் கணினியும் ஒயர்களும் சேர்த்து முழுதாக வாங்கிப் பூட்டுவது ஒரு நல்ல வழி. இருக்கும் எஞ்சினையே திருத்துவதானால், அதைப் பிரித்துப் புதுப்பித்து, பெட்ரோலையும் தீப்பொறியையும் அளந்து கொடுக்கும் கணினி வைத்து, அழுத்தத்தை 5 அல்லது 6 இறாத்தலோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு வழி. டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரும், காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைக் காட்டும் மீட்டரும் கட்டாயம் வேண்டும். கண் கட்டிய குதிரைபோல் ஓட்டக்கூடாது.

பணம் கேட்கும் பிள்ளையிடம் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஆறு சிலிண்டரின் அழுத்த அளவை எழுதிக் காட்டுவாயா? கூடுதல் பெட்ரோல் எப்படி வரும் என்று எனக்கு விளக்குவாயா? பிரேக்குக்கும் அனுமதிக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளை தொழில் தெரிந்த பிள்ளை. அவனை நம்பலாம். தடுமாறும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். அவனுக்கு இன்னும் படிப்பு தேவைப்படுகிறது, அவ்வளவுதான். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மோட்டார் தொழிலை முறையாகக் கற்றுச் சான்றிதழும் பெறலாம். டர்போவுக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை அதற்குச் செலவழித்தால், அந்தக் கல்வி ஒரு காரோடு நின்றுவிடாது. ஆயுள் முழுதும் சோறு போடும்.