மிளகாய் பிறந்த நாட்டின் மீன் கறிகள்

நமது மீன் குழம்புக்கு உறைப்பைத் தரும் மிளகாய், பழந்தமிழர் அறியாத பொருள் என்றால் வாசகருட் சிலர் நம்பத் தயங்குவர். அது மெக்சிக்கோ நாட்டினர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே பயிரிட்ட செடி. போர்த்துக்கேயர் காலத்திலேதான் அது கடல் கடந்து நம் அடுக்களையை வந்தடைந்தது. அம்மிளகாய் பிறந்த நாட்டில் மீனை எவ்வாறு சமைக்கின்றனர் என அறிவது சுவையான செய்தியன்றோ?

மெக்சிக்கோவின் கீழைக் கரையில் வேராகுரூஸ் துறைமுகம் உள்ளது. ஸ்பானியத் தளபதி கோர்ட்டேஸ் 1519 ஆம் ஆண்டில் வந்திறங்கிய கரை இதுவே. இவ்வூரார் உவாச்சினாங்கோ என்னும் செந்நிற மீனைத் தக்காளி, மிளகாய், வெண்காயம், உள்ளி ஆகியவற்றோடு வேகவைக்கின்றனர். ஒலிவங்காயும், கேப்பர் என்னும் செடியின் உப்பிலிட்ட மொட்டுகளும் அதிற் சேரும். தக்காளியும் மிளகாயும் உள்நாட்டுக்குரியன. ஒலிவமும் மொட்டும் ஸ்பானியரோடு வந்தவை. போர்க்களத்தில் எதிர்த்து நின்ற இரு சாராரின் பொருள்களும் இன்று ஒரே சட்டியில் வேகின்றன.

தென்கிழக்கேயுள்ள யுக்கட்டான் தீபகற்பத்தில் மாயா இனத்தவர் வாழ்கின்றனர். அவர்கள் அச்சியோட்டே என்னும் செந்நிற விதையை அரைத்து, புளிப்புத் தோடம்பழச் சாற்றிற் குழைத்து, பிளந்த மீனிற் பூசி, வாழையிலையிற் பொதிந்து தணலிற் சுடுவர். ‘தீக்கின் சீக்’ என்பது அதன் பெயர். பெயர் மாயா மொழிக்குரியது. விதையும் அமெரிக்க மண்ணுக்குரியது. ஆனால் தோடையும் வாழையும் ஆசியாக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை!

வடமேற்குக் கரையின் கதை வேறு. அங்கே சோனோரா முதலிய பகுதிகளிற் கடலாமைக் கறி பெருவிருந்தாக விளங்கியது. ஊன் விலக்கும் தவக்காலத்திற்கூட ஆமையை மீனெனக் கருதி உண்டனர். ஆமையினம் அருகவே, 1990 ஆம் ஆண்டில் அரசாங்கம் கடலாமை பிடிப்பதை முற்றாகத் தடை செய்தது. களவாகப் பிடிப்போர் இன்றும் உளர். ஆயினும் மக்கள் வேறொரு வழியும் கண்டனர். பழைய பக்குவத்தை வைத்துக்கொண்டு, ஆமைக்குப் பதிலாகத் திருக்கையை இட்டனர். ‘ககுவாமா’ என்றால் கடலாமை. ‘மந்தா’ என்பது திருக்கை. புதிய கறிக்கு ‘ககுவாமந்தா’ என்றே பெயராயிற்று.

2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிக்கோவின் மரபுவழிச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மரபு என்றால் மாறாதிருப்பது என எண்ணுவோர் இக்கறிகளை நோக்குதல் வேண்டும். ஒலிவமும் வாழையிலையும் வந்தபோது இக்கரையினர் ஏற்றனர். ஆமை அருகியபோது அதை விட்டும் சமைத்தனர். வேற்றுநாட்டு மிளகாயை நமதாக்கிக்கொண்ட நமக்கு இதன் முதற்பகுதி நன்கு தெரியும். கடலில் ஓர் உயிர் அருகும்போது அதனை நம் சட்டியிலிருந்து விலக்கும் இரண்டாம் பகுதியையும் நாம் கற்பது நன்று.